ஊர்விலக்கும் ஒன்பது ஓட்டும்



போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணா, அமெரிக்கா நெனச்சா எந்த நாட்டையும் என்ன வேணா பண்ணலாம். அப்புறம் நாம இங்க உக்காந்து ஐ.நா., மனித உரிமைன்னு பேசி என்ன ஆகப்போகுது?"

கேள்வி முடிவதற்குள் அறை இரண்டாகப் பிரிந்தது. ஏகாதிபத்தியம் வீழும்வரை எதுவும் மாறாது, சாதி ஒழிப்புகூட அதற்குப் பிறகுதான் என்றார் ஒரு தோழர். இன்னொருவர், சியாட்டில் மாநகராட்சி 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டதை எடுத்துச் சொன்னார். "நம்ம ஊரு பண்ணாதத அவன் பண்ணியிருக்கான். அவன ஏன் திட்டணும்?" என்பது அவர் வாதம். இரண்டு பேரும் நேரெதிராகப் பேசியதாகத்தான் தோன்றும். ஆனால் இருவரிடமும் இருந்தது ஒரே நம்பிக்கை: அமெரிக்கா நினைத்தால் நடக்கும். எனக்கு அந்த நம்பிக்கையின் மேல்தான் சந்தேகம்.

அதைச் சொல்ல முதலில் எங்கள் ஊருக்குப் போக வேண்டும்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவை ஊர்விலக்கு வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் சொன்னதுதான் குற்றம். மறுநாள் காலையில் டீக்கடையில் டீ இல்லை. மளிகைக்கடையில் உப்பு இல்லை. மாவு மில்லில் கரண்ட் இல்லை, அதுவும் எங்களுக்கு மட்டும். பால் சொசைட்டியில் எங்கள் பாலை வாங்கவில்லை. காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. உத்தரவு போட்டது ஒரே ஒருவர், ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்தவர். அவர் ஒரு நாள்கூட எங்கள் தெருப்பக்கம் வந்து நிற்கவில்லை. வர வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. உப்பு இல்லை என்று சொன்னது மளிகைக்கடைக்காரர். பாலைத் திருப்பி அனுப்பியது சொசைட்டியில் அளந்து ஊற்றுகிற பையன். அந்தப் பையன் வீட்டுக்கு அரை ஏக்கர் நிலம்கூடக் கிடையாது. அவன் அப்பாவும் அதே பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்தான்.

ஏறக்குறைய நாற்பது நாளில் அது முடிந்தது. பண்ணையார் மனம் மாறி முடியவில்லை. கடலை பிடுங்கும் நேரம் வந்துவிட்டது, வானம் இருட்டிக்கொண்டு நின்றது, வெளியூர் ஆள் கேட்ட கூலி இரண்டு மடங்கு. அதற்கும் முன்னாலேயே மளிகைக்கடைக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பின்வாசல் வழியாக எங்களுக்கு அரிசி போட ஆரம்பித்திருந்தார். அவருடைய கடன் நோட்டில் பாதிப் பக்கம் எங்கள் தெருதான். (அந்த அரிசிக்கு அவர் படிக்கு எவ்வளவு கூட வாங்கினார் என்பதை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.)

1928இல் பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். 1930இல் வந்த அதன் அறிக்கை, அடி உதையைவிடக் கொடிய ஆயுதமாக இந்தச் சமூகப் புறக்கணிப்பைப் பதிவுசெய்தது. உலக அரசியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறிக்கையும் எங்கள் ஊர் மாவு மில்லும்தான் நினைவுக்கு வருகின்றன.

1990 நவம்பர் 29. குவைத்தைப் பிடித்த ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஓட்டுக்கு வந்தது. சோவியத் ஒன்றியம் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். சீனா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. எதிர்த்தவை இரண்டே நாடுகள்: கியூபா, யேமன். அவையில் அப்போது இருந்த ஒரே அரபு நாடு யேமன், அரபு உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றும்கூட. நீங்கள் போட்ட ஓட்டுகளிலேயே விலை அதிகமான ஓட்டு இதுதான் என்ற பொருளில் யேமன் தூதரிடம் அமெரிக்கத் தரப்பு சொன்னது பல நூல்களில் பதிவாகியிருக்கிறது. சொன்னபடியே சுமார் 7 கோடி டாலர் உதவி நிறுத்தப்பட்டது.

ஆனால் யேமனை உண்மையில் முறித்தது அந்த 7 கோடி டாலர் அல்ல. யேமன் எடுத்த நிலைப்பாட்டுக்காக அதே மாதங்களில் சவுதி அரேபியா தன் மண்ணில் கூலி வேலை பார்த்த யேமனியர் ஏழெட்டு லட்சம் பேரை வெளியேற்றியது. அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் ஓடிக்கொண்டிருந்த நாடு அது. உத்தரவு ஓர் இடம். உப்பை நிறுத்தியது பக்கத்துக் கடை.

அந்தத் தங்கை சொன்னது 1990க்கு ஏறக்குறைய சரி. பன்னிரண்டு வருடம் கழித்து அதே அவையில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

2003 தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு எதிரே நிற்க இன்னொரு வல்லரசே கிடையாது. உலகம் முழுவதும் ராணுவத்துக்குச் செலவான பணத்தில் ஏறத்தாழப் பாதியை அது ஒன்றே செலவு செய்தது. ஈராக் மீது இரண்டாவது முறை போர் தொடுக்க முடிவு செய்துவிட்டது, ஐ.நா. முத்திரை மட்டும்தான் பாக்கி. பாதுகாப்பு அவையில் 15 நாடுகள், தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். பிரான்ஸ் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினாலும், ஒன்பது பேர் எங்கள் பக்கம் என்று காட்டினாலே போதும் என்று வாஷிங்டன் கணக்குப் போட்டது. கையில் இருந்தது நான்கு: அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், பல்கேரியா. மீதி ஐந்து ஓட்டை அங்கோலா, கேமரூன், கினி, மெக்சிகோ, சிலி, பாகிஸ்தான் ஆகிய ஆறு நாடுகளிலிருந்து எடுக்க வேண்டும்.

இந்த ஆறும் எப்படிப்பட்டவை? மெக்சிகோவின் ஏற்றுமதியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது. சிலி அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் பேசி முடித்துக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பாகிஸ்தான் அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்தது. ஆப்பிரிக்க நாடுகள் மூன்றும் அதன் உதவியை எதிர்பார்த்தவை. ஒருவர்கூட மிச்சமில்லாமல் எல்லார் பெயரும் கடன் நோட்டில் இருந்தது. இவர்களை மடக்க நடந்த வேலையும் சாதாரணமானதல்ல. ஊசலாடும் நாடுகளின் ஐ.நா. தூதர்களை ஒட்டுக்கேட்க உதவுமாறு அமெரிக்க உளவு அமைப்பு பிரிட்டன் உளவு அமைப்புக்கு அனுப்பிய கடிதத்தை, அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன் என்ற இளம்பெண் வெளியே கசியவிட்டார். மார்ச் 2ஆம் தேதி அது பத்திரிகையில் வந்தது. அவர் மீது வழக்குப் போட்டு அடுத்த வருடம் அரசே அதைக் கைவிட்டது.

ஒன்பது ஓட்டு கிடைக்கவில்லை. மார்ச் 17ஆம் தேதி தீர்மானத்தை ஓட்டுக்கே விடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே மாதம் முதல் தேதி துருக்கி நாடாளுமன்றத்திலும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62,000 அமெரிக்கப் படையினர் துருக்கி வழியாக வடக்கு ஈராக்கில் நுழைய அனுமதி வேண்டும். பதிலுக்குப் பல நூறு கோடி டாலர். வெளியே அங்காரா தெருக்களில் பல்லாயிரம் பேர் போர் வேண்டாம் என்று கூடியிருந்தார்கள். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது விதி. மூன்றே ஓட்டுக் குறைவில் அனுமதி விழுந்தது. சாமான்களோடு கடலில் காத்திருந்த கப்பல்கள் சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போயின. இந்தியாவிடமும் ஒரு டிவிஷன் கேட்டார்கள், சுமார் 17,000 பேர். தயங்கித் தயங்கி, 2003 ஜூலை 14ஆம் தேதி வாஜ்பாய் அமைச்சரவை முடியாது என்றது. போயிருந்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"போர் நின்றதா அண்ணா?" என்றால், நிற்கவில்லை. மார்ச் 20 குண்டு விழுந்தது, ஏப்ரல் 9 பாக்தாத் விழுந்தது. உயிரிழந்த ஈராக்கியப் பொதுமக்கள், பெயரோடும் செய்தியோடும் எண்ணப்பட்டவர்கள் மட்டும், ஒரு லட்சத்துக்கும் மேல். நான் வல்லரசின் பலத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஓர் ஊரை மூன்று வாரத்தில் கொளுத்த அதற்கு யாருடைய ஓட்டும் தேவைப்படவில்லை. கொளுத்திய பிறகு அங்கே உட்கார்ந்து ஆள்வதற்குத்தான் தேவைப்பட்டது. கணக்கு எழுத, குப்பை அள்ள, போக்குவரத்தைச் சரிசெய்ய, ஆட்சி என்று நம்ப, எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்களே வேண்டும்.

நஜாஃப் நகரில் அலி அல்-சிஸ்தானி என்ற வயதான ஷியா மதகுரு இருக்கிறார். அதிகம் வெளியே வராதவர், ஒரு சிறிய வீட்டில் வாழ்பவர். ஈராக்கின் அரசியல் சட்டத்தை எழுதுபவர்களை அமெரிக்க நிர்வாகி நியமிக்கப் பார்த்தார். எழுதுகிறவர்களை ஈராக்கியர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2003 ஜூன் மாதம் சிஸ்தானி சொன்னார். அமெரிக்கா வேறு ஏற்பாடு கொண்டுவந்தது, அதுவும் நேரடித் தேர்தல் இல்லாத ஏற்பாடு. 2004 ஜனவரியில் பாக்தாத்திலும் பாஸ்ராவிலும் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது. திட்டம் மாறியது, 2005 ஜனவரி 30 தேர்தல் நடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த நாட்டில் இருக்கும்போதே இது நடந்தது. அந்தத் தேர்தல் வழியாக ஆட்சிக்கு வந்தவர்கள் அமெரிக்கா எதிரியாக நினைத்த ஈரானுக்கு நெருக்கமானவர்கள். 2011இல் கொஞ்சம் படையையாவது வைத்துக்கொள்ள அமெரிக்கா விரும்பியபோது, உங்கள் சிப்பாய்களுக்கு எங்கள் சட்டத்திலிருந்து விலக்குத் தர முடியாது என்றது ஈராக். அந்த டிசம்பரில் கிளம்பினார்கள். 2014இல் வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்ததும் உண்மைதான்.

சிஸ்தானியை நான் புரட்சியாளராகக் காட்டவில்லை. அவருடைய மத அதிகாரத்தில் பெண்களுக்கு எவ்வளவு இடம் என்பது வேறு கேள்வி. நம் கூட்டங்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அமெரிக்காவை எதிர்த்தவன் எல்லாம் தோழன். அப்படிப் பார்த்தால் சதாமும் தோழர்தான். அவர் 1988 மார்ச் மாதம் ஹலப்ஜா என்ற குர்து ஊரில் விஷவாயுக் குண்டு போட்டுச் சுமார் 5,000 பேரைக் கொன்றவர்.

குர்துகளின் கதையைத் தாண்டிப்போக எனக்கு மனம் வருவதில்லை. 2003இல் அமெரிக்கப் படையை அவர்கள் வரவேற்றார்கள். அவர்களைத் துரோகி என்று சொல்ல நமக்கு வாய் வருமா? ஊருக்குள் அடி வாங்கியவன் வெளியே இருக்கிற கலெக்டரைத்தான் தேடி ஓடுவான். நாமும் அப்படித்தான் ஓடியிருக்கிறோம். ஜோதிராவ் புலே 1873இல் தன்னுடைய 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கியது, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்கு. ஊர் தன்னாட்சி, நாட்டின் இறையாண்மை என்று பெரிய வார்த்தை பேசுகிறவர்களை நாம் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

ஆனால் ஓடிவந்தவனுக்கு அந்தக் கலெக்டர் என்ன செய்தார்? ஹலப்ஜா நடந்தபோது அமெரிக்கா சதாம் பக்கம் நின்றது, ஈரானோடு அவர் போரிட்டதால். 1991இல் எழுந்து வாருங்கள் என்று ஈராக்கியர்களை அதன் அதிபரே அழைத்தார். எழுந்தவர்களைச் சதாமின் ஹெலிகாப்டர்கள் சுட்டபோது முதலில் கைகட்டி நின்றார். லட்சக்கணக்கான குர்துகள் மலைக்கு ஓடி, அந்தப் படங்கள் உலகம் முழுக்க வந்த பிறகே பாதுகாப்பு வளையம் போட்டார்கள். 2017 செப்டம்பரில் குர்துகள் தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆம் என்றனர். வேண்டாம் என்றது அமெரிக்கா. அடுத்த மாதமே ஈராக் ராணுவம் கிர்குக்கைப் பிடித்துக்கொண்டது.

என் வாதத்துக்கு உண்மையாகவே இடைஞ்சலாக இருப்பது பீரங்கி அல்ல, டாலர். 2018இல் ஈரான் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா தனியாக வெளியேறியது. ஐரோப்பிய அரசுகள் எதிர்த்தன. ஆனால் ஐரோப்பியக் கம்பெனிகள் வாயை மூடிக்கொண்டு ஈரானை விட்டுக் கிளம்பின. இந்தியாவும் 2019இல் ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. யாரும் படை அனுப்பவில்லை. டாலரில் கணக்கு வைத்திருக்கிற வங்கிக்குப் பயம், அவ்வளவுதான். இதைப் பார்த்தால் 1990 இன்னும் முடியவில்லை என்றே தோன்றும். ஆனால் 2022க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது, அதே இந்தியா தன் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வாங்கியது. லாபம் இருந்தால் பின்வாசல் திறக்கிறது. அதற்குத் தண்டனையாக 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 விழுக்காடானபோது, அடி விழுந்தது எண்ணெய் சுத்திகரித்த முதலாளிக்கு அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் இல்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு.

அப்படியானால் நடுவில் இருக்கிற இத்தனை நாடுகளும் ஏன் ஒன்றுசேர்வதில்லை? இதற்குப் பதில் நமக்குப் பாடமாகவே இருக்கிறது. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே ஒருவன், கீழே எல்லாரும் என்ற அமைப்பாக இருந்தால் அது என்றைக்கோ உடைந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் கீழே மிதிக்க ஒருவன் இருப்பதால்தான் நிற்கிறது. பால் சொசைட்டிப் பையன் பண்ணையாரை வெறுத்தான். எங்களுக்குச் சமமாக நிற்பதை அதைவிட வெறுத்தான். துருக்கி அமெரிக்காவிடம் முடியாது என்று சொன்னதில் பாதி, தன் எல்லையில் குர்துகள் பலம் பெற்றுவிடக்கூடாது என்ற கவலை. சவுதிக்கு யேமன். ஒவ்வொரு தலைநகரத்துக்கும் ஒரு சேரி உண்டு.

இந்தியாவுக்கும் உண்டு என்பதை உலகமே பார்த்த இடம் டர்பன். 2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை, நிறவெறி வீழ்ந்து ஏழே வருடமான தென்னாப்பிரிக்காவில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் போயிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். பிறப்பையும் தொழிலையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு என்ற ஒரு வாசகம் அறிவிப்பில் வந்தால் போதும் என்பது கோரிக்கை. செப்டம்பர் 3ஆம் தேதி அமெரிக்கா, இஸ்ரேல் குறித்த வாசகங்களைக் காரணம் காட்டி, மாநாட்டை விட்டே வெளிநடப்புச் செய்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரே வல்லரசு அறையில் இல்லை. மிச்சம் இருந்தவை, ஒரு காலத்தில் காலனியாக இருந்த நாடுகளும் ஐரோப்பிய நாடுகளும்தான். அந்த அறையில் நம் வாசகம் நீக்கப்பட்டது. சாதி இனம் அல்ல, அது எங்கள் உள்விவகாரம் என்று இந்திய அரசு விடாமல் நின்றது. நிறவெறிக்கு எதிராக ஐ.நா.வில் முதலில் குரல் கொடுத்த நாடுகளில் ஒன்று என்று பெருமை பேசும் அதே இந்தியா. பாலஸ்தீனத்துக்காகப் பேசிய நாடுகளும் அடிமை வணிகத்துக்கு இழப்பீடு கேட்ட நாடுகளும் நமக்காக இந்தியாவின் நட்பைப் பணயம் வைக்கவில்லை. அடுத்த வருடம் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகவே பரிந்துரை வெளியிட்டது. அதைச் செய்ததும் எந்த வல்லரசும் அல்ல. டர்பனில் தோற்றுத் திரும்பியவர்களும் அவர்களைப் போன்றவர்களும் ஜெனிவாவில் கதவு கதவாகத் தட்டியதன் விளைவு அது.

அதனால் முதல் தோழரிடம் நான் சொன்னது, அமெரிக்கா இறங்கினால் நாம் ஏறுவோம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல வல்லரசுகள் உள்ள உலகம் என்பது பல பண்ணையார்கள் உள்ள ஊராகவும் இருக்கலாம். சியாட்டில் தோழரிடம் சொன்னது, அந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்தது அமெரிக்கா அல்ல, அங்கே வேலை போகும் பயத்தோடு சாட்சி சொன்ன நம் ஆட்கள். அதே வருடம் கலிபோர்னியாவில் இரு அவைகளும் நிறைவேற்றிய சாதிச் சட்டத்தை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பியும் அனுப்பினார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

கேள்வி கேட்ட தங்கைதான் கடைசியில் என்னை மடக்கினார். "ஒன்பது ஓட்டு கதை நல்லாயிருக்குண்ணா. ஆனா யேமன் மொதல்லயே தனியா எதிர்த்து நின்னுச்சே, அதுக்கு யாரு பின்வாசல் தொறந்தா?" என்றார். யாரும் திறக்கவில்லை. திரும்பி வந்த அந்த ஏழெட்டு லட்சம் பேரின் நாடு அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. முதலில் மறுக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் தெருவில் பறையை முதலில் கீழே வைத்தவரும் அந்த வருடமே ஊரை விட்டுப் போனார்.

வரும் ஞாயிறு, 1951 அக்டோபரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கையை வாசிக்கிறோம். இந்துச் சட்டத் தொகுப்பு பற்றிய பகுதியை எல்லாரும் படித்திருப்பீர்கள். வெளியுறவுக் கொள்கை பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். ஆண்டு வருமானம் 350 கோடி ரூபாய், அதில் ராணுவத்துக்கு 180 கோடி என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டும் இடம் அதில்தான் வருகிறது. இந்தியா வல்லரசாக வேண்டும் என்று ஆசைப்படும் தோழர்கள் கட்டாயம் வரவும். இந்த முறை பேசப்போவது நான் அல்ல, அந்தத் தங்கை.